மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

நாலு இலையில் ஓட்டை விழுந்தால் போதும், "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அது என்ன பூச்சி என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்துகிறது, ஏனென்றால் அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

ஒருமுறை செம்பருத்தி மொட்டெல்லாம், செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி அப்பிக் கிடந்தது. நடுவில் கறுப்பு உடம்பும் ஆரஞ்சுப் புள்ளிகளுமாக, குட்டி முதலை போலச் சில புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவைதான் செடியைக் கெடுக்கின்றன என்று ஒவ்வொன்றாக நசுக்கினேன். அத்தனையும் பொறிவண்டின் புழுக்கள்! அசுவினியைத் தின்ன வந்தவை. சிவப்பு வண்டைப் பார்த்தால் "ஐயோ, அழகு" என்கிறோம், அதன் பிள்ளையை நமக்கு அடையாளம் தெரியவில்லை. அசுவினியோ இணை சேராமலேயே குட்டி போடக்கூடியது. மருந்து அடித்தால் இரண்டும்தான் சாகும், ஆனால் முதலில் திரும்பி வருவது அசுவினிதான்.

மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டு உண்டு. அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். கொஞ்சம் பெரிது, சுறுசுறுப்பாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நின்று பார்க்காதவர் கையில் அதுவும் சாகும்.

எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாவுப்பூச்சி முற்றிய கிளையை நானே வெட்டி எறிகிறேன். அசுவினி அதிகமானால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறேன். அதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இலை மேல் ஓடுகிற எறும்பின் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேடம் போட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். அதை முதன்முதலாகக் கண்டுபிடித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. தாவும் சிலந்தி இன்னும் ஒரு படி மேல். நீங்கள் குனிந்தால் அதுவும் திரும்பி உங்களைப் பார்க்கும். வலை பின்னிக் காத்திருக்காமல், கண்ணால் பார்த்துப் பாய்ந்து இரை பிடிக்கிற உயிர் அது.

ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரித்தது போல வட்டமாக வெட்டியிருந்தால், புழுவைத் தேடாதீர்கள். கூடு கட்ட இலைவெட்டித் தேனீ எடுத்துப்போன துண்டு அது. செடிக்கு ஒன்றும் ஆகாது.

என் எலுமிச்சைச் செடியில் போன வாரம் பறவை எச்சம் போல ஒட்டிக்கிடந்த இரண்டு புழுக்கள் இப்போது நல்ல பச்சையாகிவிட்டன. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போல ஒரு கொம்பை நீட்டி, வாடை விட்டு மிரட்டுகின்றன. ஏழெட்டு இலை போய்விட்டது, போகட்டும். இன்று காலை ஒன்றைக் காணவில்லை. தேடிப் பார்த்தேன். கீழ்க்கிளையில், உடம்பைச் சுற்றி ஒற்றை நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகச் சாய்ந்திருக்கிறது.