பிணை உத்தரவு வந்த பிறகும் புழலில் இருப்பவர்கள்

நீதியில் ஏற்றத்தாழ்வு என்றால் நாம் உடனே தீர்ப்புகளைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறோம். வசதியுள்ளவர் விடுதலையானார், வழியற்றவர் தண்டிக்கப்பட்டார் என்பதே நமது வழக்கமான புகார். நான் எழுத வந்தது அதற்கு வெகு முன்பே நடந்து முடிந்துவிடுகிற, செய்தித்தாளில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு காரியத்தைப் பற்றி. நீதிபதி பிணை வழங்கிவிடுகிறார், உத்தரவில் கையெழுத்தும் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த மனிதர் புழல் சிறையின் விசாரணைக் கைதிகள் பகுதியிலேயே இருக்கிறார், ஏனெனில் உத்தரவு கேட்கும் இரண்டு ஜாமீன்தாரர்களை அவருடைய குடும்பத்தால் அழைத்துவர முடியவில்லை. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லாத, வெளியே விடலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட ஒருவரைப் பூட்டி வைத்திருப்பது எந்தச் சட்டத்தின்படி என்பதே என் கேள்வி.

சென்னையில் பிணை உத்தரவுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றின் வாசகம் ஏறக்குறைய மனப்பாடமாக இருக்கும். குறிப்பிட்ட ஒரு தொகைக்குச் சொந்தப் பிணைமுறி (வாய்தாவுக்கு வருவேன் என்று கைதானவரே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி), அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீன், ஜாமீன்தாரர்களின் புகைப்படமும் இடது பெருவிரல் ரேகையும், ஆதார் அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. அதில் வரும் தொகையை முன்கூட்டியே யாரும் கட்டவேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி மட்டுமே அது. ஆகவே இங்கே தடையாக இருப்பது பெரும்பாலும் பணம் அல்ல, காகிதம் வைத்திருக்கும் மனிதர்கள். எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களில் ஒரு குடும்பத்திடம் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, சொந்த வீட்டு வரி ரசீது உள்ளவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான்.

எனக்கு இது புரிந்தது நானே ஒருமுறை ஜாமீன் நின்றபோது. எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரின் மகன் ஒரு கைகலப்பு வழக்கில் கைதாகியிருந்தான். அந்தப் பையனை நான் இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன், அவனுடைய பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் என் பெயரில் வீடு இருந்தது, வரி கட்டிய ரசீது இருந்தது. அதை வாங்கிப் பார்த்த நீதிமன்ற ஊழியர், அந்தப் பையன் எங்கே தங்குகிறான், யாருடன் பழகுகிறான், வாய்தா தேதியில் அவனை எப்படி அழைத்துவருவீர்கள் என்று ஒன்றுமே கேட்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் விடை சொல்லக்கூடிய அவனுடைய அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சொத்து இல்லாததால் அவருடைய வாக்குக்கு அங்கே மதிப்பு இல்லை. ஜாமீன்தாரர் என்பவர் எதிரியை அறிந்தவர், அவர் மீது செல்வாக்கு உள்ளவர், ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்பவர் என்பதே இந்த ஏற்பாட்டின் நியாயம். நடைமுறையில் நாம் அவனை வளர்த்தவரை வெளியே நிறுத்திவிட்டு, அவனை அறியாத என்னை உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம்.

சென்னையின் வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதன் கடுமை இன்னும் தெளிவாகும். ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டவர்களிடம் பெரும்பாலும் இருப்பது அவர்களைக் குடியமர்த்திய அரசு வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணைதான், கிரயப் பத்திரம் அல்ல. அவர்களுடைய சொந்தக்காரர்களும் நண்பர்களும் அதே குடியிருப்புகளில், அதே நிலையில் இருப்பவர்கள். ஆக, ஒரு குடியிருப்பு முழுவதும் தேடினாலும் நீதிமன்றம் ஏற்கும் ஜாமீன்தாரர் கிடைப்பது அரிது. நகரின் தென்கோடியில் இருக்கும் அந்தக் குடும்பம், வடகோடியில் இருக்கும் புழலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போய்வருவதற்கே ஒரு நாள் கூலியை இழக்கிறது.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1978ஆம் ஆண்டு மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே நேருக்கு நேர் சந்தித்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட குற்றவியல் நடுவர், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அவருடைய ஜாமீனை ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்தத் தீர்ப்பில் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு தமிழரோ மலையாளியோ சாந்தினி சௌக்கிலோ போர்ட் பிளேரிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? அன்று நம்மவருக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. இன்று சென்னையில் கட்டுமான வேலைக்கு வந்த ஒடிசாக்காரரோ பீகார்காரரோ ஏதேனும் ஒரு வழக்கில் சிக்கினால், அதே கேள்வியை நம்முடைய நீதிமன்றங்களைப் பார்த்துக் கேட்கவேண்டியிருக்கிறது. அப்போது கைதட்டிய நாம் இப்போது சங்கடப்படாமல் இருக்க முடியாது.

சட்டப் புத்தகத்தில் குறை இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. பிணைத் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. பிணையில் விடத்தக்க குற்றங்களில் கைதான ஒருவரால் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவர் வறியவர் என்றே கருதி ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணைமுறியில் விடவேண்டும் என்று புதிய சட்டத்தின் 478ஆம் பிரிவு சொல்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் திட்டவட்டமாகப் பேசியது. பிணை கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைமுறி தரப்படாவிட்டால், நீதிமன்றம் தானாகவே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்துவது குறித்துப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணமாக இருப்பதால், அத்தகைய வழக்குகளில் அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம். மறு ஆண்டு ஆகஸ்டில், பதின்மூன்று வழக்குகளில் பிணை பெற்றும் அத்தனைக்கும் தனித்தனி ஜாமீன்தாரர்களைக் கொடுக்க முடியாமல் தவித்த கிரிஷ் காந்தி என்பவரின் வழக்கில், நீதிபதி கே.வி. விஸ்வநாதன், தாங்க முடியாத நிபந்தனையோடு பிணை கொடுப்பது வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பறிப்பதே என்ற பொருளில் எழுதினார்.

இவ்வளவு இருந்தும் அதே பழைய வாசகம் ஏன் தொடர்கிறது? கீழமை நீதிபதிகளின் நிலையையும் எண்ணிப்பார்க்கவேண்டும். சொந்தப் பிணைமுறியில் விடப்பட்ட ஒருவர் தலைமறைவானால், ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி வரும். உள்ளேயே வைத்திருந்த ஒருவர் மாதக்கணக்கில் வாடினால் எவரும் கேட்கப்போவதில்லை. போலி ஆவணங்களோடு வரும் ஜாமீன்தாரர்களைக் கண்டு நீதிமன்றங்கள் எச்சரிக்கையாக இருப்பதும் நியாயமே. ஆனால் காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கும் ஆட்களை உருவாக்கியது யார்? எளியவரால் கொண்டுவர முடியாத காகிதத்தை ஒவ்வொரு சில்லறை வழக்கிலும் கேட்டு, அந்தச் சந்தையை வளர்த்தது இதே ஏற்பாடுதான். கொலை, பாலியல் வன்கொடுமை, சாட்சிகளை மிரட்டக்கூடிய வழக்குகள் ஆகியவற்றில் கடுமையான நிபந்தனை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பும் சமநீதியின் பாகமே. ஆனால் அங்கேயும் பாதுகாப்பைத் தருவது எதிரியின் நடமாட்டத்தின் மீதான கட்டுப்பாடு, யாரோ ஒருவரின் வீட்டு வரி ரசீது அல்ல.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் அனைவரும் ஜாமீன்தாரர் கிடைக்காததால் உள்ளே இருப்பவர்கள் அல்லர். பிணையே மறுக்கப்பட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் பிணை கிடைத்தும் வெளியே வராதவர்கள் என்று ஒரு தனித் தொகுதி இருக்கிறது, அவர்களை விடுவிக்கப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ கூடுதல் நீதிபதிகளோ தேவையில்லை. ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு அறிவித்த ஏழைக் கைதிகளுக்கான திட்டம் இவர்களுக்குப் பணம் கட்ட முன்வந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் நீதிமன்றம் கேட்பது பணத்தை அல்ல, சொத்துள்ள ஆட்களை என்னும்போது அந்தப் பணத்தை எங்கே கட்டுவது? 2022 முதல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகள் மின்னணு முறையில் சிறைக்கு உடனடியாகப் போய்ச் சேர்கின்றன. உத்தரவு நொடியில் போகிறது, ஆனால் ஜாமீன்தாரர் இன்னும் நகல் கடையில் வரிசையில் நிற்கிறார்.

தினசரிக் கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை பத்தரை மணி என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஓர் இடைஞ்சல், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியே போய்விடும். ஏழு மணிக்கெல்லாம் ஆளெடுத்து முடிந்துவிடுகிறது. கையெழுத்துப் போடாமல் வேலைக்குப் போனால் நிபந்தனை மீறல், பிணை ரத்து. வாரத்தில் ஒரு நாள், அதுவும் மாலையில் என்று மாற்றுவதால் எந்த விசாரணையும் கெட்டுவிடாது.

என் கோரிக்கை சிறியது. பிணை உத்தரவு பெற்று ஏழு நாட்களைக் கடந்தும் வெளியே வராதவர்களின் எண்ணிக்கையைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மத்திய சிறையும் மாதந்தோறும் வெளியிடட்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். சிறையிலிருந்து ஆணைக்குழுவுக்குத் தகவல் போகிறதா, போன பிறகு என்ன ஆயிற்று என்பதை அந்த எண்ணிக்கையின் ஏற்ற இறக்கமே காட்டிவிடும். வழக்கறிஞர் நண்பர்கள், பிணை மனு போடும்போதே சொந்தப் பிணைமுறியில் விடவேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையையும், கட்சிக்காரரின் வருமானம், குடும்பம், எத்தனை ஆண்டுகளாக அதே முகவரியில் இருக்கிறார் என்ற விவரங்களையும் சேர்த்து எழுதினால், நீதிபதி அதன் மீது ஏதாவது சொல்லியே ஆகவேண்டியிருக்கும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தெரிந்தவர்கள் இந்த நிலையில் இருந்தால், இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தருகிறது. பேசும்போது "ஜாமீன் கிடைத்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை, நிபந்தனையைத் தளர்த்த மனு போடவேண்டும்" என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள், உத்தரவின் தேதியையும் வழக்கு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.