கேட்பதும் வேலைதான்

அந்தப் பதிவைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. யார் எழுதியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் அங்கே போய்ச் சிரிப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். அமெரிக்க வானொலிக்காரர் பாப் பாய்லன் பாடகர்களை ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் நிற்க வைத்துப் பாட வைத்தது ஒரு சாதனையா, பாட்டைத் தேர்ந்தெடுக்க ஸ்பாட்டிஃபை செயலி போதாதா என்று கேட்டிருந்தார்.

போதாது. கேட்பது ஒரு வேலை. பாப் பாய்லன் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரில் 35 வருடம், 2023ல் விலகும்வரை, அந்த வேலையைத்தான் பார்த்தார். 1988ல் சேர்ந்து, 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' என்ற செய்தி நிகழ்ச்சியைப் பல வருடங்கள் இயக்கினார். ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குமுன் சில விநாடிக்கு இசை வருமே, அதைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். அது என்ன பாட்டு என்று நேயர்கள் விசாரித்து எழுத ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 2000ல் 'ஆல் சாங்ஸ் கன்சிடர்ட்' என்ற இசை நிகழ்ச்சி வந்தது. செய்தி கேட்க உட்கார்ந்தவர்களைப் பாட்டைத் தேட வைத்த மனிதரைத்தான் ஒன்றும் செய்யாதவர் என்கிறீர்கள்.

டைனி டெஸ்க், அதாவது பாய்லனின் ஆபீஸ் மேஜையில் நடக்கும் அந்தச் சின்னக் கச்சேரி, எப்படி வந்தது என்றாவது தெரியுமா? 2008ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகர இசை விழாவில் லாரா கிப்சன் என்ற பெண் பாடிக்கொண்டிருந்தார். மெல்லிய குரல். கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. பேசாமல் ஆபீஸுக்கு வந்து பாப் மேஜையில் பாடலாமே என்று பாய்லனுடன் இருந்த என்.பி.ஆர் சகா ஸ்டீபன் தாம்சன் வேடிக்கையாகச் சொன்னார். அந்தப் பெண் நிஜமாகவே வாஷிங்டன் ஆபீஸுக்கு வந்து பாடினார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அக்கா ஞாபகம்தான். ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. கீபோர்டு சத்தத்தில் அவள் குரல் பாதி அமுங்கிவிட்டது, மீதியைப் பந்திக்கு ஓடுகிற கூட்டம் விழுங்கியது. சரணத்தின் நடுவில் ஒருவர் மேடையேறி, வாசலை மறித்து நிற்கும் வெள்ளை காரை எடுக்கச் சொல்லி அறிவிக்க வேண்டும் என்று மைக்கைக் கேட்டார். அவளும் கொடுத்தாள். கார் நம்பரைச் சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பாடினாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து வருடம் பாட்டு கற்றவள்!

அதனால்தான் சொல்கிறேன், கேட்பது ஒரு வேலை. அந்த மேஜையில் பாடுகிறவர் குரலைப் பெருக்கிக் காட்ட ஸ்பீக்கர் கிடையாது. வாத்தியக்காரர்கள்தான் குரலுக்கு ஏற்ப அடக்கி வாசிக்க வேண்டும். குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருள் இல்லாமல் அமெரிக்கப் பாடகர் டி-பெயினுக்குப் பாட வராது என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. 2014ல் அந்த மேஜையில் ஒரே ஒரு கீபோர்டு துணையோடு உட்கார்ந்து பாடினார். அந்தக் குரல் அவரிடம் எப்போதும் இருந்ததுதானே? யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பிரபலங்களையும் கூப்பிட்டார்களே என்பீர்கள். கூப்பிட்டார்கள். அதனால் என்ன? பிரபல பாடகி அடெல் பாடிய அதே மேஜைக்கு, பெயர் தெரியாதவர்களுக்காகவே 2015 முதல் போட்டி வைத்தார்கள்.

அரசுக் காசில் நடந்ததுதானே என்று ஒருவர். என்.பி.ஆருக்கு நேரடியாக வந்த அரசுப் பணம் அதன் வருமானத்தில் சுமார் 1 சதவீதம்தான். அந்தப் பணத்தை அதிகம் நம்பியிருந்தவை சின்ன ஊர் வானொலி நிலையங்கள். 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டதே, அடி விழுந்தது அவற்றின் மேல்தான். அந்த ஊர்களில் இனி உள்ளூர்ப் பாடகரை யார் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள்? ஏற்கெனவே லட்சம் பேர் கேட்டதைத்தானே உங்கள் செயலி முதலில் நீட்டும்?

பாடியவருக்குத்தானே பெருமை, வானொலிக்காரருக்கு என்ன என்றும் ஒரு கேள்வி. கேலின் லீ என்ற பெண் மினசோட்டாவின் டுலூத் நகரத்தவர். எலும்பு எளிதில் முறியும் நோயோடு பிறந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி வயலினை செல்லோ போல நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். 2016ல் அந்தப் போட்டிக்கு வந்த ஆயிரக்கணக்கான காணொளிகளுக்கு நடுவில் அவருடையதைத் தேர்ந்தெடுத்த நடுவர்களில் பாய்லனும் ஒருவர். அத்தனையையும் உட்கார்ந்து கேட்க வேண்டும் ஐயா. ஒருநாள் செய்து பாருங்கள்.

சிரிப்புக்குறி போட்டவர்கள் கேலின் லீ அந்த மேஜையில் பாடியதைத் தேடி எடுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தள்ளிவிடாமல், முழுசாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் இதே கருத்துதான் என்றால் இங்கேயே வந்து எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.