கல்லாவில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடுமாம்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விழா, மேடை, பொன்னாடை, மைக். சான்றிதழ் வாங்க வந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தன் மேற்படிப்பு ஆசையைச் சொல்ல, மேடையில் பேசியவர் அதைக் கேலி செய்கிறார். பேசியவர் யார், எந்த மண்டபம் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாக அதுதான் ஓடுகிறது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி என் சொந்தச் சித்தப்பாவே அதைச் சிரிப்பு எமோஜியோடு குடும்பக் குழுவில் போட்டார். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

"கடை போடுறதுக்கு முதுமாணிப் பட்டமா? கல்லாவுல உட்கார்ந்தா தானா வந்துரும்!" உடனே கைதட்டல்.

சரி, அந்தப் பிள்ளை அப்படி என்ன சொல்லிவிட்டது? மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். முகாமைத்துவம் படித்துவிட்டு முயற்சியாண்மையில், அதாவது தொழில் தொடங்கி நடத்தும் துறையில், பட்டப்பின்படிப்பு செய்யப்போகிறேன் என்றது. டாக்டர் என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள், டீச்சர் என்றால் ஆசீர்வதித்திருப்பார்கள். லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை, தொழில் நடத்தப் படிக்கப்போகிறேன் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவின் கடைசிப் பத்து விநாடியைத் திரும்பப் பாருங்கள். மண்டபமே சிரிக்கும்போது அந்தப் பிள்ளை சான்றிதழின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நிற்கிறது.

நானும் அந்தப் படிப்புதான் படிக்கிறேன். முயற்சியாண்மையும் தொழில் வளர்ச்சி முகாமைத்துவமும். சனிக்கிழமை விடியப்புறம் 2 மணிக்கு மலையகத்து ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று தூங்கி விழுந்து கொழும்புக்குப் போய், ஞாயிறு இரவு திரும்புகிற படிப்பு. கல்லாவில் உட்கார்ந்துதான் இதற்கு வந்தேன். கல்லாவில் உட்கார்ந்து எதுவும் தானாக வரவில்லை, அதனால்தான் வந்தேன்.

என்னுடையது கறித்தூள், மிளகாய்த்தூள் வியாபாரம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். 2023இல் ஒரு பெரிய கடைத்தொடர் என்னைத் தேடி வந்தது. அதுவரை மாதம் 600 பக்கெட் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரேயடியாக 4,000 பக்கெட் ஓடர். வீட்டில் பாயாசம் வைத்தோம். 100 கிராம் பக்கெட்டுக்கு மிளகாய், அரைகூலி, சேதாரம், பக்கெட் எல்லாம் சேர்த்து அடக்கம் 180 ரூபாய், கொடுத்த விலை 205. மாதம் ஒரு லட்சம் இலாபம் என்று கணக்குக் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்தேன்.

மிளகாயை கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் கைக்காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கடைத்தொடர்காரர்கள் எனக்கு 45 நாளில் காசு தருவதாகச் சொன்னார்கள். வாய்ப்பேச்சுத்தான், எழுத்தில் எதுவும் இல்லை. வந்தது 90 நாளில். அதற்குள் மூன்று மாத சரக்கு கொடுத்தாயிற்று. மாதம் 7 லட்சத்து 20 ஆயிரம் வீதம் 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வெளியே. கொப்பியில் மூன்று லட்சம் இலாபம், கையில் பஸ்ஸுக்குக் காசில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. சீட்டைத் தள்ளி எடுத்தேன். அதுவும் போதாமல் அப்பாவின் சேமலாப நிதியைத் தொட்டேன். 38 வருடம் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அந்த ஆள் கணக்கெடுப்புக்கு, போன மனிதரின் காசு அது. நான்காவது மாத ஓடருக்குச் சரக்கு வாங்க வழியில்லை, முடியாது என்றேன். அத்தோடு ஓடரே போய்விட்டது. பெரிய இடத்தைப் பார்த்து நான் கைவிட்ட சின்னக் கடைகளும் அதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன.

நட்டத்தில் மூடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வியாபாரம் பெருகியே ஒரு வியாபாரம் சாகும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் பள்ளியில் உயர்தரப் பரீட்சையில் தொழிற்படு மூலதனத்துக்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். நடைமுறைச் சொத்தில் நடைமுறைப் பொறுப்பைக் கழித்தால் வருவது. மனப்பாடம். அது கழுத்தை நெரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் படிப்பின் முதல் செமஸ்டரில், காசு வெளியே போகும் நாளுக்கும் திரும்பி வரும் நாளுக்கும் இடையில் உள்ள நாட்களை எண்ணச் சொன்னார் விரிவுரையாளர். ஓடர் பெருகப் பெருக அந்த இடைவெளியில் முடங்கும் காசும் பெருகும் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினார். ஒரே வாடிக்கையாளரிடம் விற்பனையில் பெரும்பகுதி போனால் குடுமி அவர் கையில் என்றார். நான் குறிப்பெடுக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் 38 வருடம் அங்கே கோடாக இருந்தது.

இதைத்தான் ஐயா அங்கே சொல்லித்தருகிறார்கள். கடை போடுவது எப்படி என்பதை அல்ல. போட்ட கடை வளரும்போது எங்கே உடையும் என்பதை.

உடனே ஒருவர் வருவார். "லிப்டன் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தான்?" வரட்டும். தோமஸ் லிப்டன் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். 1890இல் இங்கே வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தனையை வாங்கினார். வரும்போதே பிரித்தானியாவில் கடைகள் வரிசையாக வைத்திருந்தார். இடையிலிருந்த தரகர்களை ஒதுக்கி, தோட்டத்திலிருந்து நேரே தன் கடைக்குப் பக்கெட்டில் கொண்டுபோனார். இதுவும் வகுப்பில் பாடம்தான். அவருக்குத் தோட்டம் வாங்கக் காசிருந்தது, கொழுந்து பறிக்க நம் பூட்டிமார் இருந்தார்கள். எனக்கு இரண்டும் இல்லை, அதனால் படிக்கிறேன். தம்பேத்தனை மலை உச்சியில் இருக்கும் லிப்டன் சீட்டில் நின்று செல்ஃபி எடுத்தவர்கள் எல்லாம் எனக்கு லிப்டன் கதை சொல்ல வேண்டாம்.

இன்னொருவர், "உன் அம்மாவே படிக்காமல் செய்தாங்களே" என்பார். இது கொஞ்சம் வலிக்கிற கேள்வி. அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரி உரலில் இடித்துத்தான் லயத்துக்குத் தூள் விற்றார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டால், "என் ரெண்டு கைக்கு இவ்வளவுதான்" என்று அனுப்பிவிடுவார். எடித் பென்ரோஸ் என்ற பொருளியலாளர் 1959இல் எழுதினார்: ஒரு நிறுவனம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை, அதை நடத்துகிற ஆட்களின் அனுபவமும் நேரமுமே கட்டுப்படுத்தும் என்று. வாசித்ததும் அம்மாவுக்குத்தான் போன் எடுத்தேன். "இதுக்கா அவ்வளவு காசு கட்டின?" என்றார். சிரித்தோம். ஆம், அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. நிறுத்தாமல் இன்னோர் ஆளைச் சேர்த்து, அவருக்கு வேலையைப் பிரித்துக்கொடுத்து, அடுத்த தோட்டத்துக்கும் போவது எப்படி என்று சொல்ல அவருக்கு யாரும் இருக்கவில்லை. அவர் ரெண்டு கையோடு நின்றதைப் பெருமையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. அது பெருமை இல்லை ஐயா, வேறு வழி இல்லை.

"படித்தால் மட்டும் வங்கி கடன் தருமா?" தராது, ஒத்துக்கொள்கிறேன். 2023 தொடக்கத்தில் வட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள், முதல் கேள்வியே ஈடு வைக்கக் காணி உறுதி, அதாவது சொந்தக் காணிக்கான பத்திரம், இருக்கிறதா என்பதுதான். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா மட்டும் எங்கள் பெயருக்கு வரவில்லை. வகுப்பில் செய்யத் தந்த ஒரு ஒப்படையில், "தொடங்குநர் தன் வீட்டை ஈடுவைத்து மூலதனம் திரட்டுகிறார் எனக் கொள்க" என்று வந்தது. எனக் கொள்க! பக்கத்தில் இருந்த கொழும்புப் பிள்ளை எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டது. அதற்கு எதைச் சொல்வது? சொந்த வீடில்லாமல் தோட்டத்தில் கிடந்த எங்கள் 200 வருடத்தை இடைவேளைக்குள் சொல்லி முடிக்க முடியுமா?

ஆகவே பட்டம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாததற்குப் பதில் எழுத வரவேண்டாம்.

மேடையில் பேசியவருக்கு ஒன்றே ஒன்று. உங்கள் மகன் வெளிநாட்டில் என்ன படிக்கிறார் என்று ஹட்டன் பஸ்ராண்டுக்கே தெரியும். அங்கே அவருக்குப் பல்லாங்குழியா சொல்லித்தருகிறார்கள்? உங்கள் பிள்ளைக்கு வியாபாரம் ஒரு படிப்பு, எங்கள் பிள்ளைக்கு மட்டும் அது தானாக வருவதா? உங்கள் கடையில் கணக்கெழுத, மூட்டை இறக்க, ரசீது கிழிக்க எங்கள் பிள்ளைகள் வேண்டும். கல்லாவுக்கு இந்தப் பக்கம் வருகிறேன் என்றால் சிரிப்பு.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் என் நம்பரைக் கொடுங்கள். என் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் இருக்கின்றன.

சித்தப்பா, அந்த எமோஜியை நீங்கள் எடுக்க வேண்டாம், இருக்கட்டும். உங்கள் கடைக்குப் போட்ட 40 பக்கெட்டுக்கு 8,200 ரூபாய் இன்னும் வரவில்லை. 30 நாள் தவணை, இன்றோடு 47 நாள்.