மனம் புண்படுவதும் உயிருக்கு அஞ்சுவதும் ஒன்றல்ல

வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அந்தச் சட்டம் யாருடைய மனம் புண்பட்டது என்று விசாரிக்கக் கூடாது. யாருடைய உயிருக்கும் நடமாட்டத்துக்கும் ஆபத்து வந்தது என்றே விசாரிக்க வேண்டும்.

பேச்சுக்கு எதிரான எந்தச் சட்டத்தையும் நம்ப மாட்டேன் என்பவர்களின் அச்சம் வெற்று அச்சம் அல்ல. 1908-இல் இதே திருநெல்வேலியில்தான் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு ராஜத்துரோக வழக்கில் 40 ஆண்டு தண்டனை விதித்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவை 1898-இல் விரிவுபடுத்திய வெள்ளை அரசு, அதே ஆண்டில்தான் வகுப்புகளிடையே பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கும் 153ஏ பிரிவையும் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 196-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பிறந்த வேளையிலேயே ஆள்பவர்களின் கையில் இருந்த ஆயுதம் அது என்பதை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேச முடியாது.

இருந்தாலும் என் பகுதியில் கண்ணெதிரே நடப்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கோயில் கொடை முடிந்த கையோடு பையன்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் காணொளிகளைப் பாருங்கள். பின்னணியில் சாதிப் பெருமைப் பாட்டு, கையில் அரிவாள், கீழே இன்ன தெருக்காரன் இந்தப் பக்கம் வந்தால் இதுதான் கதி என்று ஒரு வரி. பெயர் சொல்லாவிட்டாலும் எந்தத் தெரு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் அந்தத் தெருப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுப்பாதையில் போகிறான். இதைக் கருத்து என்று என்னால் ஏற்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனும் தடுக்கப்போன அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் அவனோடு பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வரை தடைசெய்யச் சொன்னது. கயிற்றை ஆசிரியர் அவிழ்த்துவிடலாம். கைப்பேசிக்குள் இருப்பதை யார் அவிழ்ப்பது?

எல்லையை எங்கே வைப்பது என்பதற்கு உச்ச நீதிமன்றமே வழி சொல்லியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் ரத்து செய்த தீர்ப்பு, விவாதிப்பது, ஒரு கருத்தை வலியுறுத்துவது, தூண்டிவிடுவது என்று மூன்று நிலைகளைப் பிரித்து, தூண்டுதல் என்ற நிலையை எட்டும்போதுதான் அரசு தலையிடலாம் என்றது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் குடிமக்களின் உரிமை.

நடைமுறையில் இது தலைகீழாகிக் கிடக்கிறது. கோயிலுக்குள் தன் பாட்டனை விடவில்லை என்று ஓர் இளைஞன் எழுதினால், எங்கள் சமுதாயத்தை இழிவுபடுத்திவிட்டான் என்று நாலு வேன்களில் ஆட்கள் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். எண்ணிக்கை உள்ளவர்களின் மனம்தான் சீக்கிரம் புண்படுகிறது. அரிவாள் காணொளிக்கோ காவல் துறையினர், பையன்கள் விளையாட்டுக்குப் போட்டது என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். வெறுப்புப் பேச்சு என்றால் புகாருக்குக் காத்திராமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. பட்டியலினத்தவர் மீது பகைமை வளர்ப்பதைக் குற்றமாக்கும் பிரிவு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே சட்டம் போதவில்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. மத உணர்வைப் புண்படுத்துவதாகச் சொல்லும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் கைதுசெய்ய அது தேவையில்லை. அனுமதி வருமா என்று தெரிவதற்குள் எழுதியவர் சிறையில் இருந்துவிட்டு வந்துவிடுகிறார். அந்தப் பிரிவுக்கு மட்டுமாவது, கைதுக்கு முன்பே ஓர் உயர் அதிகாரி பதிவை முழுதாகப் படித்து, யாருக்கு எதிராக என்ன செய்யச் சொல்கிறது என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என விதி வர வேண்டும். நம் தொகுதிச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.