மேற்பரப்பைச் சுற்றும் மின்னோட்டத்தை விட்டுவிட்டீர்கள்

நல்ல கட்டுரை. ஆனால் இடவியல் காவலிகள் (உள்ளே மின்னைக் கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருட்கள்) பற்றிய பகுதியை, காந்தப்புலம் வந்தால் மேற்பரப்புக் கடத்தல் கெட்டுவிடும் என்பதோடு முடித்துவிட்டீர்கள். சுவாரசியமே அதற்குப் பிறகுதான்.

அத்தகைய ஒரு பொருளான பிஸ்மத்து செலனைட்டில் உட்பகுதி காவலி, மேற்பரப்பு கடத்தி. நேரத் திருப்பச் சமச்சீர் (நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதிகள் மாறாத தன்மை) காப்பதால் மின்புலம் மட்டும் மேற்பரப்புக் கடத்தலை ஒழிக்காது. மேலே ஒரு காந்தப் படலத்தைப் பூசினால் சமச்சீர் உடைந்து மேற்பரப்பிலும் சக்தி இடைவெளி, அதாவது இலத்திரன்கள் இருக்க முடியாத சக்தி வீச்சு, திறக்கும். அப்புறம் அப்படியான ஓர் உருளையின் அச்சு வழியே மின்புலம் கொடுத்தால், பக்கத்தைச் சுற்றி ஹோல் மின்னோட்டம், அதாவது மின்புலத்துக்குச் செங்குத்தான மின்னோட்டம், ஓடும். வரிச்சுருளில் போலவே அச்சு வழியே காந்தமாக்கல் பிறக்கும்! காந்தப்புலம் கொடுத்தால் மின்முனைவாக்கம்.

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் ஹோல் விளைவு படிப்பிக்கும்போது வாய்ப்பாட்டில் தடிப்பும் வரும், இலத்திரன் செறிவும் வரும். இங்கே இரண்டும் இல்லை. இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தைப் பிளாங்கின் மாறிலியால் வகுத்து, அதில் பாதி: மேற்பரப்பின் ஹோல் கடத்துதிறன் அவ்வளவுதான். 2016இல் டெராஹேர்ட்ஸ் ஒளியை இதே பிஸ்மத்து செலனைட்டுப் படலங்களில் செலுத்தியபோது, அதன் முனைவுத் தளம் (ஒளியின் மின்புலம் அதிரும் தளம்) திரும்பிய கோணம், மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியின் அளவில், அதாவது ஏறத்தாழ 1/137இன் கணக்கில், படிப்படியாக வந்தது.

ஒரு தொல்லை உண்டு. செலனியம் அணுக்கள் விட்ட வெற்றிடங்கள் உள்ளேயும் இலத்திரன்களைச் சேர்த்துவிடும். சுத்தமான காவலியாக ஒரு மாதிரியை வளர்ப்பதே பெரும்பாடு. அடுத்த பகுதியில் அதையும் எழுதுங்கள், ஒரு படத்தோடு.