பழைய ஃபில்லிங்கை எடுத்தால் பல்லும் கொஞ்சம் போகும்

“வெள்ளி அடைத்த பல்லை எல்லாம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டு வெள்ளை ஃபில்லிங் வையுங்க, அதே குழிதானே, பல்லுக்கு ஒண்ணும் ஆகாது” என்று மேலே காட்பாடி அண்ணன் எழுதியிருப்பது தப்பு.

அதே குழியாக இருக்காது அண்ணா. பழையதை ட்ரில் வைத்து எடுக்கும்போது சுற்றியுள்ள நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும், போன எனாமல் திரும்ப வளராது. அதிலும் வெள்ளை ஃபில்லிங் பல்லோடு ஒட்டிக்கொண்டு பல் நிறத்திலேயே இருப்பதால், எது பல் எது ஃபில்லிங் என்று டாக்டருக்கே எல்லை சரியாகத் தெரியாமல், அடுத்த தடவை மாற்றும்போது வெள்ளியை எடுப்பதைவிட அதிகமாகவே பல் போய்விடும். இப்படியே குழி பெரிதாகி, சுவர் மெலிந்து, ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது விரிசல் விடும். அப்புறம் ரூட் கெனால், கேப்.

5 வருஷக் கெடு என்று ஒன்று கிடையாது. நன்றாக வைத்த வெள்ளி ஃபில்லிங் 10, 15 வருஷம்கூட ஓடும். ஓரம் மட்டும் உடைந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். வெள்ளி ஃபில்லிங்கில் பாதரசம் கலந்திருக்கிறதே என்று பயமா? எடுக்கும்போதுதான் ஆவி கூடுதலாக வரும். நல்ல நிலையில் இருப்பதை, மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2020-ல் சொன்னது.

அடியில் புதுச் சொத்தை, பெரிய உடைப்பு என்றால் சரி, மாற்றத்தான் வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையோ உங்கள் தெரு கிளினிக்கோ, எதற்காக மாற்றுகிறீர்கள், ஒட்டுப்போட்டால் போதாதா என்று முதலில் கேளுங்கள்.