ஷெல் விழாத இடப்பெயர்வு

காலநிலை மாற்றத்தால் ஊரைவிட்டுப் போகும் மனிதர்களைப் பற்றி ஆங்கிலத்தில் இப்போது நிறைய நாவல்கள் வருகின்றன. மூன்று நான்கு வாசித்துவிட்டேன். கடல் பொங்கும், நகரம் மூழ்கும், சனம் ஒரே நாளில் மூட்டை கட்டும். விறுவிறுப்புத்தான். ஆனால் கிளிநொச்சியில் இருந்து வாசிக்கிற எனக்கு இடிக்கிறது. எங்களிடம் யாரும் அப்படிப் போவதில்லை.

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால், சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெல்லுக்கு, இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டத்தில் முடிவாகும். மிச்ச வயல் சும்மா கிடக்கும். அடைவு வைத்த நகை மீளாது. மாரிமழையை நம்பி விதைத்த காலபோக நெல்லை அறுக்கிற நேரம் பார்த்து மழை அடித்துக் கதிரைச் சாய்க்கும். அப்புறம் ஒருத்தர் மேசன் வேலைக்குக் கொழும்புக்குப் போவார், இன்னொருத்தர் கட்டாருக்கு. ஏன் என்று கேட்டால் "கடன்" என்பார்கள். காலநிலை என்ற சொல் ஒருவர் வாயிலும் வராது. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்திலும் வறட்சிக்கு இடமில்லை. மழைக்கும் அடைவுச் சிட்டைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட நாவலைத் தவிர வேறு எதனால் முடியும்?

தீவிரமான புனைவு ஏன் இந்த விஷயத்தைத் தொடத் தயங்குகிறது என்று இந்திய ஆங்கில நாவலாசிரியர் அமிதவ் கோஷ் 2016இலேயே கேட்டார். எங்கள் தயக்கத்துக்குக் காரணம் வேறு. எங்கள் கதைகளில் இடப்பெயர்வு என்றால் ஷெல்லடிதான். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது, ஏற்கெனவே இடம்பெயர்ந்த சனத்தின் தறப்பாள் கொட்டில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கதைகளில் அது "அன்று மழையும் பெய்தது" என்ற ஒரு வரி. நானும் ஒரு கதையில் அப்படி எழுதியவன்தான், சரி.

இன்னொரு பயமும் உண்டு. பழியெல்லாம் வானத்தின் தலையில் போய்விடும். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி ஊர்களுக்குள் வெள்ளம் வந்தபோது, கொட்டித் தீர்த்தது மழைதான். ஆனால் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று பெரிய சர்ச்சையும் நடந்தது. "இயற்கை சீறியது" என்று மட்டும் எழுதுகிறவர் அந்தக் கேள்வியை நைசாகக் கடந்துவிடுகிறார்.

அந்த இரவு பக்கத்து வீட்டு அம்மா முதலில் தூக்கியது காணிப் பேமிற், அதாவது அரசாங்கம் கொடுத்த காணி அனுமதிப் பத்திரம், இருந்த பையை. 2009இலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தவர். "வேற என்னத்தைத் தம்பி தூக்கிறது?" என்றார். வெள்ளம் வடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். பேமிற் இப்போதும் அவரிடம்தான். பிள்ளைகள் இருவரும் கட்டாரில், வயல் குத்தகைக்கு.